நூற்றி நாலில் சொட்டுகிறது

கதவைத் திறந்தபோது வெளியே கைலியும் வெள்ளைத் தொப்பியுமாக ஒரு பெரியவர் நின்றிருந்தார். கையில் நீல நிற பிளாஸ்டிக் வாளி. அதில் கால்வாசிக்குத் தண்ணீர்.

"இது உங்க தண்ணியா தம்பி?" என்று கேட்டார்.

பாலமுரளி வாளிக்குள் எட்டிப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் தண்ணீர் யாருடையது என்று சொல்ல அவனுக்குத் தெரியவில்லை.

"நான் கீழ நூத்தி நாலு. உங்க பாத்ரூமுக்கு நேர் கீழதான் எங்க பாத்ரூம். நேத்து சாயந்திரம் புடிச்சு மேலேந்து சொட்டுது. வாளி வச்சுப் புடிச்சேன்."

"ஸாரி பாய். நேத்துதான் பாத்ரூம்ல ஒரு வேலை பண்ணேன்."

"கேட்டுச்சு. காலையில ஒம்போது மணிக்கு ட்ரில் போட ஆரம்பிச்சிய. சாயந்திரம் அஸர் தொழுகைக்குத்தான் நிப்பாட்டுனிய."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் பாலமுரளிக்குக் கூச்சமாக இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒரு பெரியவர் வாளியைச் சுமந்துகொண்டு வந்து, தண்ணீரைத் திருப்பிக் கொடுப்பதுபோல நிற்கும்போது என்ன செய்வது? "உள்ள வாங்க பாய்" என்றான்.

அவர் செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். அந்த வீட்டுக்கு எட்டு மாதத்தில் வந்த முதல் விருந்தாளி அவர்தான்.

அது தொண்ணூற்றாறு நவம்பர். பாலமுரளி துபாயில், தேராவில் ஒரு கட்டட ஆலோசனை நிறுவனத்தில் டிராஃப்ட்ஸ்மேன். பதினோரு வருஷத்தில் அவன் வரைந்த குளியலறைகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கட்டினால் ஷார்ஜா வரைக்கும் போகும். எந்தக் குழாய் எங்கே வளைய வேண்டும், எந்தத் தரை எவ்வளவு சரிய வேண்டும் என்றெல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் எழுதிக் கொடுப்பான். ஸ்பானரை மட்டும் கையில் பிடித்ததில்லை.

மகள் தன்யா பத்தாவதை ஊரில் படிக்கட்டும் என்று மனைவி ஷியாமளா போன வருஷம் அவளை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டாள். தனி ஆளுக்குப் பெரிய வீடு எதற்கு என்று கம்பெனி அவனைச் சத்வாவில் இந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு மாற்றியது. காலை ஏழு மணிக்கு ஆபீஸ் வண்டியில் ஏறுவான். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்புவான். எட்டு மாதத்தில் லிஃப்டில் மூன்று பேரிடம் தலையாட்டியிருப்பான். அதில் இரண்டு பேர் திரும்ப ஆட்டவில்லை.

இப்போது டிசம்பர் லீவுக்கு ஷியாமளாவும் தன்யாவும் இரண்டு வாரம் வருவதாக இருந்தது. ஷியாமளாவுக்குத் துபாயைப் பற்றி ஒரே ஒரு குறைதான் உண்டு. "எட்டு வருஷம் இருந்தேன். எட்டு வருஷமும் ஈரக் காலோட இருந்தேன்" என்பாள். பாலமுரளி குளித்துவிட்டு வந்தால் குளியலறையில் தரை, சுவர், டாய்லெட் மூடி, துண்டு எல்லாம் நனைந்திருக்கும். அதன்மேல் நடந்து நடந்து அவளுக்குப் பாதத்தில் வெடிப்பு வந்துவிட்டது. இந்த முறை அவள் கால் நனையக் கூடாது என்று அவன் முடிவு செய்திருந்தான்.

வாய்ப்பும் தானாகவே வந்தது. ஜுமேராவில் ஒரு வில்லாவுக்கு மாதிரி காட்டுவதற்காக இத்தாலியிலிருந்து மூலை ஷவர் ஒன்று வந்திருந்தது. குளியலறை மூலையில் வெள்ளைத் தட்டு ஒன்றைப் பதித்து, அதைச் சுற்றி இரண்டு வளைந்த கண்ணாடிக் கதவுகளை நிறுத்தினால் ஒரு கூண்டு ஆகிவிடும். உள்ளே எப்படிக் குளித்தாலும் வெளியே ஒரு துளி வராது. வில்லாக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "தூக்கிக்கிட்டுப் போ" என்றார் மேனேஜர். ஒரு பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுவந்தான்.

கூடவே வந்த காகிதம் இத்தாலிய மொழியில் இருந்தது. பரவாயில்லை, படங்கள் இருந்தன. ஒரு ஆள் முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை சிரித்துக்கொண்டே அதைப் பொருத்துகிறான். ஆறாவது படம் வரை பாலமுரளியும் பொருத்தினான். ஏழாவது படத்தில் ஒரு பெண் வந்து, அவன் திருகாணி முடுக்குகிற வரைக்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறாள். பாலமுரளி அங்கே சற்று நேரம் நின்றான். பிறகு இஸ்திரி மேஜையையும் இரண்டு தலையணையையும் முட்டுக் கொடுத்து ஒருவழியாக முடித்தான். ஷவரைத் திறந்து பார்த்தான். வெளியே ஒரு சொட்டு வரவில்லை. அன்றைக்கு அவன் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

மறுநாள்தான் வாளி வந்தது.

பெரியவர் பெயர் கலீலுர் ரஹ்மான். அதிராம்பட்டினத்துக்காரர். தேரா சூக்கில், அந்தப் பழைய கடைத்தெருவில், ஒரு துணிக்கடையில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறாராம். இப்போது கண் கொஞ்சம் மங்கல் என்பதால் அரை நாள் மட்டும் போகிறாராம்.

"நான் கீழ வந்து எங்க சொட்டுதுன்னு ஒரு தடவை பார்த்துடறேன் பாய்" என்றான் பாலமுரளி.

"அது தோதுப்படாது தம்பி. ஊட்டுல பொம்பளையாளுவ நெறைய. மருமக ரெண்டு பேரு. கோஷா. வெளி ஆம்பளை பாத்ரூம் வரைக்கும் வந்தா ரஹீமா பீவி என்னைய வெளிய தள்ளிடுவா."

"ரஹீமா பீவி?"

"எங்க ஊட்டுக்காரவ." சற்று யோசித்துவிட்டு, "நாத்தூர்ட்டயும் சொல்லிக்கிட வேணாம்" என்றார். நாத்தூர் என்றால் அந்தக் கட்டடத்துக் காவல்காரன் சோலைமுத்து. "ஓனரைக் கேக்காம செவுத்துல ஓட்டை போட்டிருக்கிய. அவன் காதுக்குப் போனா அரபிக்குப் போயிரும். நமக்குள்ளயே முடிச்சுக்குவோம்."

இவ்வளவு நல்ல மனிதரின் கூரையில் ஓட்டை போட்டுவிட்டோமே என்று பாலமுரளிக்கு வருத்தமாக இருந்தது. டீ போட்டுக் கொடுத்தான். அவர் நிதானமாகக் குடித்தார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, காலி வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் பாலமுரளி கடையில் சிலிக்கான் ட்யூப் நான்கு வாங்கி வந்து, கூண்டின் விளிம்பு முழுக்கப் பூசினான். வெளியே பூசினான். அது போதாது என்று உள்ளேயும் பூசினான். காய ஒரு நாள் ஆகும் என்று ட்யூபில் போட்டிருந்ததால் மறுநாள் காலையில் சமையலறைத் தொட்டியில் தலையை மட்டும் நனைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனான்.

அதற்கு மறுநாள் மாலை மக்ரிப் தொழுகை முடிந்த கையோடு மணி அடித்தது. வாளியில் இப்போது பாதித் தண்ணீர்.

"இன்னும் சொட்டுதா பாய்?"

"கூடியிருக்கு."

உள்ளே பூசியதுதான் தப்பு என்பது அவனுக்குப் பின்னால்தான் தெரிந்தது. வெளியே மட்டும் பூசியிருந்தால் அலுமினியச் சட்டத்துக்குள் புகுந்த தண்ணீர் தட்டுக்கே திரும்பி வந்திருக்கும். இப்போது அது திரும்ப வழியில்லாமல் சட்டத்துக்குள்ளேயே தேங்கி, வேறு வழி தேடி, படுக்கையறைப் பக்கமாகக் கசிய ஆரம்பித்திருந்தது. அதுவரை சொட்டாத வீட்டில் நிஜமாகவே ஒரு கசிவு வந்தது.

அன்றைக்கு அவன் ஒரு டிரேசிங் தாளை எடுத்து, இரண்டு வீட்டையும் குறுக்காக வெட்டினால் எப்படி இருக்கும் என்று படம் போட்டுக் காட்டினான். மேலே இருநூற்றி நாலு. நடுவில் கான்கிரீட். கீழே நூற்றி நாலு. தண்ணீர் வரக்கூடிய வழியை நீலப் பென்சிலால் அம்புக்குறி போட்டான்.

கலீல் பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இவ்வளவுதானா?" என்றார்.

"நூத்தைம்பது மில்லிமீட்டர். அரையடி."

"அரையடி" என்று அவர் திருப்பிச் சொன்னார். "இதை நான் வச்சுக்கட்டுமா?"

"எதுக்கு பாய்?"

"ரஹீமா பீவிக்குக் காட்டணும். தண்ணி எப்படி வருதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

தாளைச் சுருட்டி வாளிக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இதற்குப் பிறகு அவர் தினம் வர ஆரம்பித்தார். பாலமுரளி தட்டைக் கழற்றி அடியில் குழாய் இணைப்பைப் பார்ப்பது என்று முடிவு செய்தான். ஒட்டிய சிலிக்கானைக் கத்தியால் அறுக்கவே இரண்டு மாலை ஆனது. அவன் அறுக்க, கலீல் பாய் டார்ச் அடிப்பார். அவன் கண்ணாடியைக் கழற்ற, அவர் அணைத்துப் பிடித்துக்கொள்வார். இத்தாலியக் காகிதத்தின் ஏழாவது படத்தைப் பாலமுரளி அவரிடம் காட்டினான். "இந்தப் பொண்ணு செய்ற வேலையா எனக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் கண்ணாடியை இன்னும் நன்றாகப் பிடித்தார்.

வேலைக்கு நடுவே வீட்டுக் கதை சொல்வார். பெரிய மருமகள் வைக்கும் மீன் ஆணத்தில் புளி தூக்கல். சின்ன மருமகளுக்கு உப்புப் போடவே வராது. பேத்தி ஹிஃப்ஸாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அவள் அதைப் பொட்டலம் கட்டித் தாத்தாவின் சட்டைப் பையில் போட்டுவிட்டாள். அவர் கடையில் ஒரு அரபியம்மாவுக்குச் சில்லறை கொடுக்கும்போது பல்லும் சேர்ந்து போய்விட்டது.

பாலமுரளி வாய்விட்டுச் சிரித்தான். சிரித்து முடித்த பிறகு, தன் சிரிப்புச் சத்தத்தை இந்த வீட்டில் இதுவரை கேட்டதில்லை என்று தோன்றியது.

"இன்னிக்கு ஊட்டுல வட்டலப்பம்" என்பார் ஒருநாள். "இன்னிக்கு இடியாப்பமும் பாயாவும்" என்பார் இன்னொரு நாள். வாளியில் தண்ணீர்தான் கொண்டு வருவாரே தவிர, ஒரு நாளும் ஒரு கிண்ணத்தில் எதையும் கொண்டுவந்தது இல்லை. பாலமுரளிக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். இருந்தாலும் தண்ணீர் ஒழுகவிட்டவன் வட்டலப்பம் கேட்பது நியாயமில்லை என்று சும்மா இருந்தான். ஆபீசிலிருந்து வரும்போது ஹிஃப்ஸாவுக்கென்று பன்னிரண்டு வண்ணப் பென்சில் கொண்ட ஒரு டப்பா வாங்கி வந்து கொடுத்தான்.

கலீல் பாய் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சந்தோஷப்படுவா" என்றார். அன்றைக்குக் கதை எதுவும் சொல்லாமல் சீக்கிரமே போய்விட்டார்.

தட்டைத் தூக்கியபோது அதன் ஒரு முனை சுவரில் இடித்து உடைந்தது. அதைப் பிடிக்கப் போனதில், குழாய் இணைப்பிலிருந்த ரப்பர் வளையம் கழன்று சாக்கடைக் குழாய்க்குள் விழுந்தது. இத்தாலிய வளையம் சத்வாவில் எங்கேயும் கிடைக்கவில்லை. பாலமுரளி பாத்ரூம் செருப்பில் ஒன்றை வெட்டி வளையம் செய்தான். வரைபடம் போட்டு, காம்பஸ் வைத்து, துல்லியமாக வெட்டினான். அது சரியாக இரண்டு நாள் உழைத்தது. மூன்றாம் நாள் படுக்கையறைக் கம்பளத்தில் கால் வைத்தபோது சளக் என்றது.

"கீழ எப்படி பாய் இருக்கு?"

"முக்கால் வாளி" என்றார் கலீல் பாய்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் சென்னைக்குப் போன் போட்டான்.

"என்ன மூச்சு வாங்கறீங்க?" என்றாள் ஷியாமளா.

"ஒண்ணுமில்ல, கம்பளத்தைத் தூக்கி பால்கனியில காயப் போட்டேன்."

"கம்பளத்தை எதுக்குத் துவைக்கறீங்க?"

"நீ வர்றியே. உனக்கு ஒரு ஆச்சரியம் வச்சிருக்கேன்."

"என்னது?"

"வந்து பாரு."

"சரி. தன்யா படிச்சுட்டு இருக்கா, எழுப்பல" என்றாள். படிக்கிறவளை எப்படி எழுப்புவது என்று அவன் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, கண்ணாடிச் சட்டத்தைச் சுவரில் இன்னும் இறுக்கிப் பொருத்த ட்ரில்லை எடுத்தான்.

அந்தச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் எங்கே போகும் என்று யாராவது கேட்டிருந்தால் அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பான். அவனே எத்தனை முறை வரைந்திருக்கிறான். ஆனால் யாரும் கேட்கவில்லை. ட்ரில் முனை உள்ளே போய், ஒரு நொடி தயங்கி, மெதுவாக ஏதோ ஒன்றைத் துளைத்தது. எடுத்தவுடன் பென்சில் கனத்தில் தண்ணீர் சீறிக்கொண்டு எதிர்ச்சுவர் வரை போனது.

கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டான். விரலை எடுத்தால் தண்ணீர், எடுக்காவிட்டால் போனுக்கும் போக முடியாது, கதவுக்கும் போக முடியாது. உதவிக்குக் கூப்பிடலாம் என்றால் யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது? அந்தக் கட்டடத்தில் அவனுக்குத் தெரிந்த பெயர் இரண்டுதான். ஒருவர் கீழே இருக்கிறார், சத்தம் கேட்காது. இன்னொருவனிடம் சொல்லக் கூடாது.

"சோலைமுத்து" என்று கத்தினான்.

இருபது நிமிஷம் கழித்து, வாசல் வழியாகப் படிக்கட்டில் இறங்கிய தண்ணீரைப் பார்த்துத்தான் சோலைமுத்து வந்தான். ஓடிப்போய் மெயின் வால்வை மூடினான். கட்டடம் முழுக்கத் தண்ணீர் நின்றது. வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணி. ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள், பாதி சவரம் செய்தவர்கள், தலையில் சோப்பு நுரையோடு ஒருவர் என்று ஒவ்வொருவராகப் படிக்கட்டுக்கு வந்தார்கள். எல்லாரும் இருநூற்றி நாலைப் பார்த்தார்கள். லிஃப்டில் திரும்பத் தலையாட்டாத இரண்டு பேரும் அவர்களில் இருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் அவனிடம் நிறையவே பேசினார்கள்.

சோலைமுத்து அழைத்துவந்த பிளம்பர் முகம்மது யூசுப், குளியலறையை வாசலில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்தார். பிறகு இந்தியில், "யார் செய்த வேலை இது?" என்று கேட்டார்.

"நான்தான்."

"என்ன தொழில் செய்கிறீர்கள்?"

"குளியலறை வரைகிறேன்" என்றான் பாலமுரளி.

யூசுப் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். சுவரை உடைத்துக் குழாயை மாற்றி, தற்போதைக்குத் தண்ணீரை விட்டார். மீதி வேலைக்கு மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் கலீல் பாய் இரண்டு வாளியோடு வந்தார். இரண்டும் நிறைந்திருந்தன. அவருக்கு மூச்சிரைத்தது.

"வயசான காலத்துல இதை ஏன் பாய் சுமந்துட்டு வரணும்? கீழேயே கொட்டிட்டு வாயால சொன்னா போதாதா?"

"வெறுங்கையோட எப்படி தம்பி வர்றது" என்றார் கலீல் பாய்.

யூசுப் மூன்று நாள் வேலை செய்தார். கூண்டை முழுக்கக் கழற்றினார். உள்ளே பூசிய சிலிக்கானையெல்லாம் சுரண்டினார். உடைந்த முனையை ஒட்டினார். செருப்பு வளையத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தன் பையில் போட்டுக்கொண்டார், யாருக்கோ காட்டுவதற்காக. மூன்றாம் நாள் மாலை எல்லாம் திரும்பப் பொருந்தி நின்றது. கலீல் பாயும் வந்திருந்தார். பாலமுரளி பத்து நிமிஷம் ஷவரை முழுசாகத் திறந்துவிட்டான். தட்டுக்கு அடியில் பார்த்தார்கள். சட்டத்தைத் தடவினார்கள். தரையில் காகிதம் விரித்துப் பார்த்தார்கள். காகிதம் நனையவில்லை.

"இனிமே ஒரு சொட்டுகூட வெளியே போகாது" என்றார் யூசுப். கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"கேட்டீங்களா பாய்?" என்றான் பாலமுரளி. அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "உங்க வீட்டுல இனிமே சொட்டவே சொட்டாது."

"சொட்டாதா?"

"சொட்டாது."

"கொஞ்ச நாள் போனாக்கூட?"

"பத்து வருஷம் போனாக்கூட. எழுதித் தரட்டுமா?"

கலீல் பாய் பாதி குடித்த டம்ளரைக் கீழே வைத்தார். "சரி தம்பி. நல்லது" என்றார். அன்றைக்கு அவர் டம்ளரைக் கழுவி வைக்க மறந்துவிட்டார். வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மணி அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் அடிக்கவில்லை. பாலமுரளி வழக்கம்போல இரண்டு டம்ளர் டீ போட்டான். ஒன்றைக் குடித்துவிட்டு, அரை மணி கழித்து இன்னொன்றையும் குடித்தான். சொட்டாத வீட்டில் இருப்பவர் எதற்காக மாடி ஏறி வருவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவருக்கு வீடு நிறைய ஆட்கள்.

வெள்ளிக்கிழமை ஷியாமளா தானாகவே போன் செய்தாள். அவள் தானாகச் செய்தால் அதில் ஏதோ இருக்கும்.

"ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது. தன்யாவுக்கு என்ட்ரன்ஸ் கோச்சிங் இந்த லீவுலதான் ஆரம்பிக்குதாம். ரெண்டு வாரம் விட்டா அப்புறம் பிடிக்கவே முடியாதாம்."

"நீ மட்டும் வாயேன்."

"அவளை யார் பார்த்துக்கறது?"

"அதுவும் சரிதான்."

"மே மாசம் நீங்கதான் லீவுல வரப் போறீங்களே."

"ஆமாம்."

"ஏதோ ஆச்சரியம்னு சொன்னீங்களே, என்ன அது?" என்று அவள் கேட்டாள்.

"இப்போல்லாம் பாத்ரூம் தரை நனையறதே இல்ல ஷியாமளா."

"ஏன், நீங்க குளிக்கறதே இல்லையா?"

"குளிக்கறேன்" என்றான். போனை வைத்த பிறகு குளித்தான். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, எப்போதும்போல யானை மாதிரி, கையையும் காலையும் வீசிக் குளித்தான். வெளியே வந்து தரையைப் பார்த்தான். காய்ந்து கிடந்தது. துண்டு காய்ந்திருந்தது. டாய்லெட் மூடி காய்ந்திருந்தது. இத்தாலியக் காகிதத்தின் கடைசிப் படத்தில் இருந்ததைப் போலவே எல்லாம் இருந்தது. அந்தப் படத்தில் இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒரு வாரம் ஓடியது. கலீல் பாய் வரவில்லை.

எட்டாவது நாள் ஆபீசிலிருந்து வந்ததும் பாலமுரளி சட்டையைக் கழற்றி மாட்டினான். ஒரு வாளி தண்ணீர் பிடித்தான். கூண்டுக்கு வெளியே, தரையில் கொட்டினான். சும்மா கை தவறியதுபோல ஒரு வாளிதான் கொட்டினான். பிறகு காது கொடுத்துக் கேட்டான். கீழேயிருந்து எந்தச் சத்தமும் இல்லை. ஐந்து வாளி கொட்டினான். டீ போட்டுவிட்டுக் காத்திருந்தான். மணி அடிக்கவில்லை.

யூசுப் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறார் என்று முதல் முறையாக அவர்மேல் எரிச்சல் வந்தது. அடுத்த நாள் குனிந்து, தட்டுக்கு அடியில் கையை விட்டு, குழாய் இணைப்பின் திருகை ஸ்பானரால் கால் சுற்றுத் தளர்த்தினான். இந்த ஒரு மாதத்தில் அவன் தானாக, தப்பில்லாமல் செய்து முடித்த முதல் பிளம்பிங் வேலை அதுதான். ஷவரை அரை மணி நேரம் திறந்துவிட்டான். இணைப்பிலிருந்து தண்ணீர் அழகாகச் சொட்டியது. தன் வீட்டுக் குழாயைத் தானே கெடுக்கும் திருடன் உலகத்தில் இருப்பானா என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் கை திருகை இறுக்கப் போகவில்லை.

அன்றைக்கும் யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று பயம் வந்தது. அந்த வாளிகளைச் சுமந்து மூச்சிரைத்தது ஞாபகம் வந்தது. அல்லது கூரை ஒழுகுவதைப் பார்த்து இந்தத் தடவை நிஜமாகவே கோபமாக இருக்கலாம். பொம்பளையாட்கள் இருக்கிற வீடுதான். இருந்தாலும் வாசலில் நின்று விசாரிப்பதில் தப்பில்லை. வெறுங்கையோடு போக மனமில்லாமல் தன் வாளியை எடுத்துக்கொண்டான். "என் தண்ணியைத் திரும்ப வாங்கிட்டுப் போக வந்தேன்" என்று சொல்லலாம். சிரிப்பார்.

படியிறங்கி முதல் மாடிக்குப் போனான். நூற்றி நாலின் மணியை அழுத்தினான். சத்தம் வரவில்லை. கதவைத் தட்டினான். உள்ளே இரண்டு மருமகள்களும் ஒரு பேத்தியும் இருக்கிற வீட்டில் ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்லை. கதவுக்கு அடியில் ஓட்டல்காரர்களின் விளம்பரத் தாள்கள் கத்தையாகச் செருகிக் கிடந்தன. கைப்பிடியில் தூசி. மறுபடியும் தட்டினான்.

நடைபாதையைத் துடைத்துக்கொண்டு வந்த சோலைமுத்து நின்றான்.

"யாரைத் தேடுறீங்க சார்? அது ஆறு மாசமாப் பூட்டிக் கெடக்கு."

"இது கலீல் பாய் வீடுதானே? கலீலுர் ரஹ்மான். அவரு வீட்டம்மா, ரெண்டு மருமக, ஹிஃப்ஸான்னு ஒரு பேத்தி, எல்லாரும் இங்கதானே இருக்காங்க?"

சோலைமுத்து பாலமுரளியையும் அவன் கையிலிருந்த வாளியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கலீல் பாயா? அவரு ஒத்தை ஆளு சார், மூணாவது மாடியில, உங்க பாத்ரூமுக்கு நேர் மேல இருக்காரு."